கருவிப் பெட்டி: நாற்பது பீஸ் பெட்டியா, பத்து நல்ல ஸ்பேனரா?

சென்ற இதழில் பேட்டரி பராமரிப்பு பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி, 'டெர்மினலைக் கழற்ற எந்த ஸ்பேனர் வாங்குவது?' என்றே கேட்டன. எனவே இந்த இதழ் முழுக்க ஸ்பேனர்தான்.

கேள்வி: என்னிடம் ஒரு பைக், பழைய டிராக்டர், ரொட்டவேட்டர் மூன்றும் உள்ளன. சின்ன வேலைக்குக்கூடப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் மெக்கானிக்கை அழைத்துவர வேண்டியிருக்கிறது. மகன் செல்போனில் நாற்பது பீஸ் கொண்ட ஒரு பெட்டியைக் காட்டுகிறான். அந்தப் பணத்துக்கு டவுன் கடையில் ஏழெட்டு ஸ்பேனர்தான் தருகிறார்கள். எதை வாங்குவது?
- மணப்பாறை வாசகர்

பதில்: கடைக்காரர் தரும் ஏழெட்டையே வாங்குங்கள். ஆனால், எந்த ஏழெட்டு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மட்டமான ஸ்பேனர் உடைந்தால் அதன் விலை மட்டும்தான் நஷ்டம். வளைந்து, நழுவி, நட்டின் முனைகளை மழுக்கிவிட்டால் கதை வேறு. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலைக்கு வெல்டரையும் உளியையும் தேட வேண்டும். விதைப்பு ஈரம் காத்திருக்காது. போதாக்குறைக்கு, நழுவிய கை இரும்பில் மோதி விரல் முட்டி பெயரும். ஆகவே ஸ்பேனருக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் நட்டையும், நாளையும், கையையும் காப்பாற்றக் கொடுக்கும் பணம்.

ஏன் காம்பினேஷன்?

காம்பினேஷன் ஸ்பேனரில் ஒரு முனை ரிங், மறு முனை திறந்த வாய். இரண்டும் ஒரே அளவு. நம் ஊரில் அதிகம் புழங்கும் 12-13, 16-17 ஸ்பேனர்களில் இரு முனையும் வாய்தான், அளவும் வேறு வேறு. வாய்ப் பக்கம் நட்டின் இரண்டு பட்டைகளை மட்டும் பிடிக்கும். ரிங் நட்டைச் சுற்றி வளைத்துப் பிடிப்பதால் விசை எல்லாப் பக்கமும் பகிர்ந்து விழும், நழுவாது.

எனவே இறுகிய நட்டை முதலில் தளர்த்துவது ரிங். தளர்ந்தபின் வேகமாகச் சுற்றி எடுப்பது வாய். மாட்டும்போது வாயால் சுற்றி, கடைசி இறுக்கு ரிங்கால். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி நட்டுகள் பிழைத்துவிடும். டீசல் குழாய் நட்டு போல, குழாய் குறுக்கே நிற்பதால் ரிங்கை நுழைக்க முடியாத இடத்துக்கு மட்டும் வாய்.

வாய்ப் பக்கம் கைப்பிடிக்கு நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வளைவுக் குறை அல்ல. இடுக்கான இடத்தில் கொஞ்சம் திருப்பிவிட்டு, ஸ்பேனரை மறுபக்கம் புரட்டிப் போட்டால் அடுத்த பிடி கிடைக்கும். அதற்கான ஏற்பாடு அது.

எந்த அளவுகள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்பேனரில் உள்ள எண், நட்டின் ஒரு பட்டையிலிருந்து எதிர்ப் பட்டை வரையுள்ள அகலம். போல்ட்டின் தடிமன் அல்ல. 6 மி.மீ. போல்ட்டுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனர். 8 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 13. ஆனால் ஜப்பான் முறையில் வந்த பைக்குகளில் அதே 8 மி.மீ. போல்ட்டின் தலை 12 ஆக இருக்கும். 10 மி.மீ. போல்ட்டுக்கு டிராக்டரில் 17 அல்லது 16, ஜப்பான் முறை பைக்கில் 14. 12 மி.மீ. போல்ட்டுக்கு 19 அல்லது 18, பைக்கில் 17. பைக்குக்கு வாங்கிய செட் டிராக்டருக்கு முழுதாக உதவாததற்கு இதுதான் காரணம்.

6 முதல் 22 வரை ஒன்று விடாமல் உள்ள செட்டில் 17 ஸ்பேனர்கள் இருக்கும். அதில் 9, 11, 15, 20 எல்லாம் வருடக்கணக்கில் பெட்டியிலேயே தூங்கும். பைக்கும் டிராக்டரும் உள்ள வீட்டுக்கு 8, 10, 12, 13, 14, 17, 19, 22, 24 என்ற ஒன்பது போதும். உங்கள் டிராக்டர் புதிய மாடல் என்றால் 16, 18 தேவைப்படலாம்.

கலப்பை, ரொட்டவேட்டர் போன்றவற்றில் போல்ட் ஒரு பக்கம், நட்டு மறுபக்கம் இருக்கும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்ப ஒரே அளவில் இரண்டு ஸ்பேனர் வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய 12-13, 16-17, 18-19 ஸ்பேனர்களைப் பிடிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். திருப்புவதற்குப் புதியது.

வாங்கும் முன், ஓய்வான ஒரு நாளில் மெக்கானிக்கிடம் ஸ்பேனர்களை அரை மணி நேரம் இரவல் வாங்கி, நீங்கள் அடிக்கடி கழற்றும் இடங்களில் பொருத்திப் பாருங்கள். பேட்டரி டெர்மினல், ஏர் ஃபில்டர், ஆயில் வடிக்கும் போல்ட், ஃபேன் பெல்ட், செயின், ரொட்டவேட்டர் கத்தி என்று வரிசையாக நோட்டில் எழுதி, பக்கத்தில் எண்ணைக் குறியுங்கள். அந்தப் பட்டியல்தான் நீங்கள் கடைக்குக் கொண்டுபோக வேண்டியது.

கடையில் எப்படிப் பார்ப்பது?

'குரோம் வெனேடியம்' என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அது நல்ல உலோகம்தான். ஆனால் எழுத்தைப் பொறிக்க யாராலும் முடியும். ஸ்பேனரைத்தான் சோதிக்க வேண்டும்.

1. 6, 8, 10 மி.மீ. அளவில் ஒவ்வொரு புதிய போல்ட்டும் நட்டும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சில ரூபாய்தான். கடையில் அதன்மேல் ஸ்பேனரை மாட்டி அசையுங்கள். சுலபமாக ஏற வேண்டும். ஏறியபின் ஆட்டம் மயிரிழைதான் இருக்க வேண்டும். லொடலொடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள்.

2. வாயின் இரண்டு உதடுகளும் இணையாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே விரிந்தோ குவிந்தோ இருந்தால் நட்டின் முனையை மட்டுமே பிடிக்கும்.

3. ரிங்கின் சுவர் மெலிதாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். தடித்த சுவர் பார்வைக்குப் பலமாகத் தெரியும். ஆனால் இடுக்கில் உள்ள நட்டில் இறங்காது. மட்டமான இரும்பை ஈடுகட்டத்தான் பெரும்பாலும் தடியாகச் செய்கிறார்கள்.

4. ரிங் கைப்பிடியிலிருந்து சற்றே மேலே சாய்ந்திருக்கட்டும். தட்டையாக இருந்தால் விரல் தரையில் உரசும்.

5. பளபளப்பு முக்கியமில்லை. முலாம் உரிந்தால் பிளேடு போலக் கையைக் கிழிக்கும். ஓரங்களில் கொப்புளமோ பிசிறோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

தபாரியா, எவரெஸ்ட், ஸ்டான்லி போன்ற பெயர்கள் பெரும்பாலான டூல்ஸ் கடைகளில் கிடைக்கின்றன. பெயரில் ஓர் எழுத்து மாற்றிய போலிகளும் வரும், எழுத்துக்கூட்டிப் படியுங்கள். உடைந்தால் மாற்றித் தருவீர்களா என்று முதலிலேயே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஒரே மூச்சில் எல்லாம் வாங்கவும் வேண்டாம். முதல் மாதம் 10, 13, 17, 19. மீதியை நெல்லோ பாலோ காசானபின் இரண்டிரண்டாகச் சேருங்கள்.

சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் போன்ற பழைய சாமான் சந்தைகளிலும், உள்ளூர்க் காயலான் கடையிலும் நல்ல ஸ்பேனர்கள் அகப்படும். மேலே துரு இருந்தால் பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும். வாய் விரிந்தது, சுத்தியால் அடி வாங்கியது, வெல்டு வைத்தது ஆகிய மூன்றையும் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். பால் சொசைட்டிக்கு மொபெட்டில்தான் போகிறேன். செயினை இறுக்க நானே ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டேன். நட்டு மழுங்கிவிட்டது. இப்போது என்ன செய்வது?
- செஞ்சி வாசகி

பதில்: சகோதரி, நீங்களே செய்யத் துணிந்தது நல்லது. கருவிதான் பொருத்தமில்லை. ஸ்க்ரூ ஸ்பேனரின் ஒரு தாடை நகரக்கூடியது. விசை கொடுத்தால் அது சற்று விலகும். நட்டின் முனை போகும். தண்ணீர்க் குழாய் வேலைக்கு அது சரி. வண்டியில் இறுகிய நட்டுக்கு வேண்டாம்.

இனி அந்த நட்டில் வாய் ஸ்பேனரைப் போடாதீர்கள். அதன்மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது துரு நீக்கும் ஸ்ப்ரே விட்டு ஓர் இரவு ஊறட்டும். காலையில் ஆறு முனை கொண்ட பாக்ஸ் ஸ்பேனரை முழுதாக உட்கார வைத்துத் திருப்புங்கள். சாதாரண ரிங்கில் பன்னிரண்டு முனைகள் உண்டு. அது நட்டின் மூலைகளைப் பிடிக்கும். மூலை போன நட்டுக்கு, பட்டைகளைப் பிடிக்கும் ஆறு முனைதான் சரி. அதற்கும் அசையவில்லை என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கழன்றபின் பழைய நட்டை மறுபடி மாட்டாமல், அதே மரையுள்ள புதிய நட்டு போடுங்கள். அச்சு நட்டு தளர்ந்திருந்தால் சக்கரமே ஆபத்து. முதல் தடவை நீங்கள் இறுக்கியதை மெக்கானிக் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா காலத்து டீசல் இன்ஜின் ஒன்று, பழைய மேஸி டிராக்டர் ஒன்று. புதிதாக வாங்கிய ஸ்பேனர் சில இடத்தில் பொருந்துகிறது, சில இடத்தில் பொருந்தவில்லை. ஸ்பேனர் போலியா?
- பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: போலி இல்லை. உங்கள் வண்டி அங்குலக் கணக்கில் செய்தது. மேஸி ஃபெர்குசன் 35 வழியில் வந்த பழைய டிராக்டர்களில் அங்குல நட்டுகள் உண்டு. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ.; 19 பெரும்பாலும் ஏறிவிடும். 5/8 அங்குலத்துக்கு 16 ஏறக்குறைய ஒத்துவரும். அரை அங்குலம் 12.7, அதில் 13 சற்றே ஆடும். ஆனால் 9/16 அங்குலம் 14.3. அதற்கு 14 ஏறாது, 15 நழுவும். நட்டுகள் மழுங்குவது இங்கேதான். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 ஆகிய ஐந்தை அங்குலத்திலேயே வாங்கிவிடுங்கள்.

லிஸ்டர் வகைப் பழைய இன்ஜின்களில் 'விட்வொர்த்' என்ற இன்னொரு பழைய முறை. அந்த ஸ்பேனரில் உள்ள எண் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும், வாயின் அகலத்தை அல்ல. 1/4 என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. இருக்கும்! பழைய சாமான் சந்தையில் 'டபிள்யூ' என்ற எழுத்து பொறித்ததைத் தேடுங்கள். கழற்றிய நட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

கேள்வி: ரொட்டவேட்டர் கத்தி மாற்றும்போது நட்டு அசைவதே இல்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி நீட்டித் திருப்பலாமா?
- தாராபுரம் வாசகர்

பதில்: வேண்டாம். 10-ம் நம்பர் ஸ்பேனர் ஒரு சாணுக்கும் குறைவு, 19 ஒரு சாணைத் தாண்டும். போல்ட் தாங்கும் அளவுக்குத்தான் கைப்பிடியின் நீளத்தை வைத்திருக்கிறார்கள். குழாயை மாட்டி இரு மடங்கு நீட்டினால் அதே கை பலம் இரு மடங்காகப் போல்ட்டில் இறங்கும். போல்ட் முறியும் அல்லது ஸ்பேனர் நழுவி நீங்கள் கத்தியின்மேல் விழுவீர்கள்.

மண்ணைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பிறகு நட்டின்மேல் சுத்தியால் நாலு தட்டு. முதலில் இறுக்கும் பக்கமாகச் சற்று அசைத்து, அப்புறம் தளர்த்துங்கள். ஸ்பேனரை எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளியே ஆகவேண்டிய இடத்தில் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியவை: இன்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். பி.டி.ஓ. இணைப்பை விடுவியுங்கள். தூக்கிய ரொட்டவேட்டருக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுங்கள். ஹைட்ராலிக் தாங்கும் என்று நம்பி அடியில் கையை நுழைக்கவே கூடாது. கத்தி மாற்றி ஒரு மணி நேரம் ஓட்டியபின் நிறுத்தி, எல்லா நட்டையும் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள்.

கடைசியாக, எல்லோருக்கும்: வேலை முடிந்ததும் டீசல் நனைத்த துணியால் ஸ்பேனரைத் துடையுங்கள். கைப்பிடியின் நடுவில் சிவப்புப் பெயின்ட் பட்டை அடித்துவிட்டால் வரப்பில் விழுந்தாலும் கண்ணில் படும். இரவல் போனாலும் அடையாளம் இருக்கும். ஒரு பலகையில் ஆணி அடித்து, ஒவ்வொன்றின் உருவத்தையும் வரைந்து மாட்டுங்கள். எது திரும்பவில்லை என்று பலகையே சொல்லும். பெரும்பாலும் அது 10-ம் நம்பராகத்தான் இருக்கும்!

அடுத்த இதழில்: கிரீஸ் கன், எந்த இடத்துக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை? கேள்விகளை எழுதும்போது வண்டியின் மாடலையும் வருடத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.