ஏ.சி.யைத் தின்னும் கடல் காற்று!

சென்னையில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நடந்து போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மாடிச் சுவரில் ஏ.சி. யந்திரத்தின் வெளிப்பெட்டி தொங்கும். பெட்டியின் அடியில் சிவப்பாகத் துரு. பின்பக்கத்துத் தகடுகள் சுண்ணாம்பு போல் வெளுத்து, விரலால் தொட்டால் உதிரும். யந்திரம் மிகவும் பழசு போலும் என்று தோன்றும். விசாரித்தால், வாங்கி நாலைந்து வருஷம்தான் ஆகியிருக்கும்!

அதே யந்திரம் சேலத்தில் இருந்தால் இவ்வளவு சீக்கிரம் இந்தக் கதி வராது. கடற்கரையில் மட்டும் ஏன் வருகிறது? காற்றோடு வரும் உப்புதான் காரணம்.

ஒரு காலத்தில் ஏ.சி. பணக்காரர் வீட்டுப் பண்டம். இன்று அப்படி இல்லை. கைக்குழந்தைக்காகவும், வயதான தாய் தகப்பனுக்காகவும் மாதத் தவணையில் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். வெயிலும் முன்போல் இல்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே 2024 அக்டோபரில் தமிழக அரசாங்கம் அறிவித்துவிட்டது. அப்படியிருக்க, தவணை கட்டி முடித்த கையோடு யந்திரமும் படுத்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

ஈரத்துக்காகப் பிறந்தது

ஏ.சி. யந்திரம் முதலில் மனிதர்களுக்காகச் செய்யப்படவில்லை. காகிதத்துக்காகச் செய்யப்பட்டது! 1902-ல் அமெரிக்காவில் புரூக்ளின் என்ற இடத்தில் ஓர் அச்சகம் இருந்தது. காற்றில் ஈரம் ஏறியதும் காகிதம் விரியும். ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் சரியாக விழாது. இதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் என்ஜினீயர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தார். அதுவே இன்றைய ஏ.சி.க்கு மூதாதை. கடற்கரை வாசிகளுக்கு இது நன்றாகப் புரியும். சென்னையில் உடம்பை வாட்டுவதில் பாதி உஷ்ணம், பாதி புழுக்கம் அல்லவா?

கடைகளில் "ஒரு டன், ஒன்றரை டன்" என்கிறார்களே, அது யந்திரத்தின் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை உறிஞ்சுமோ, அந்தச் சக்தி. பனிக்கட்டிக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்கக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி இங்கே வந்து இறங்கியது. அதைச் சேமிக்க 1842-ல் மெரினாவில் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

உப்பு செய்யும் வேலை

அறைக்குள் இருக்கும் உஷ்ணத்தை வாரி வெளியே கொட்டுவதுதான் ஏ.சி.யின் வேலை. கொட்டும் இடம் வெளிப்பெட்டி. பெரும்பாலான பெட்டிகளில் செம்புக் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடும். அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான மெல்லிய அலுமினியத் தகடுகள் கோத்திருக்கும். அந்தத் தகடுகளின் வழியாகத்தான் உஷ்ணம் காற்றில் கலக்கிறது.

அலை உடையும்போது நுண்ணிய உப்புத் துளிகள் காற்றில் பறக்கின்றன. பெட்டியின் விசிறி அந்தக் காற்றை இழுக்கிறது. உப்பு தகடுகளில் படிகிறது. காற்றில் ஈரம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்த்துப் போகும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் தகடுகள் இரவெல்லாம் உப்பு நீரில் நனைந்தபடி இருக்கும். செம்பும் அலுமினியமும் உப்பு நீரில் சேர்ந்து கிடந்தால் அது ஒரு மின்கலம் போல ஆகிவிடும். அதில் கரைந்து போவது அலுமினியம். வெள்ளைப் பொடியாக உதிர்வது அதுதான்.

கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடுகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சாக்கடையிலிருந்து எழும் கந்தக வாயு செம்பைக் கறுக்க வைத்து அரிக்கும். யந்திரத்தின் மூளையான மின்சாரப் பலகையையும் அது விடுவதில்லை.

தகடு உதிர்ந்தால் உஷ்ணம் வெளியேறாது. யந்திரம் மூச்சு வாங்கி ஓடும். அறை குளிரத்தான் செய்யும். ஆனால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். யூனிட் கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறும். ஆகவே நோயின் முதல் அறிகுறி யந்திரத்தில் தெரியாது. மின்சாரக் கட்டணச் சீட்டில் தெரியும்!

"கேஸ் தீர்ந்துவிட்டது!"

குளிர் குறைந்ததும் மெக்கானிக் வருகிறார். "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்கிறார். பணம் கொடுத்து நிரப்புகிறார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் அதே பேச்சு, மறுபடியும் பணம்.

ஏ.சி.யில் இருக்கும் வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அது குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் வாயு நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

சைக்கிள் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்க்கிறார் அல்லவா? இங்கேயும் அதே முறைதான். குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி, வெளியே சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அந்த இடத்தைப் பற்றவைத்து, குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து இழுத்துவிட்டு, யந்திரத்தின் தகட்டில் எழுதியிருக்கும் எடைக்கு வாயு நிரப்ப வேண்டும். தராசு இல்லாமல், கைக்கணக்கில் நிரப்புவது சரியான வேலை அல்ல. புது யந்திரங்களில் உள்ள ஆர்-32 வாயு தீப்பிடிக்கும் குணம் உடையது. சிலவற்றில் இருக்கும் ஆர்-290 நன்றாகவே தீப்பிடிக்கும். ஒரு வாயுவுக்கு உரிய யந்திரத்தில் வேறு வாயுவை அடைப்பது ஆபத்து.

டில்லி செய்ததும் செய்யாததும்

ஏ.சி. விஷயத்தில் டில்லி சும்மா இருக்கவில்லை. 2020 ஜனவரி முதல் புது ஏ.சி.களைப் போட்டதும் 24 டிகிரியில் ஓட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 20 டிகிரிக்குக் கீழே போகாதபடி விதி கொண்டுவரப் போவதாக 2025 ஜூனில் மத்திய மின்துறை மந்திரி மனோகர் லால் சொன்னார். அந்த வருஷம் செப்டம்பர் 22 முதல் ஏ.சி. மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22 வாயுவைப் போட்டுப் புது யந்திரம் செய்வது 2025 தொடக்கத்தோடு நின்றது.

எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் எல்லாமே புது யந்திரத்தைப் பற்றியவை. பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டு, புது யந்திரம் வருஷத்தில் 1,600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் செலவாகும் என்று சொல்லும். திருவொற்றியூரிலோ நாகப்பட்டினத்திலோ உப்புக் காற்றில் மூன்று வருஷம் நின்ற பிறகு எத்தனை யூனிட் இழுக்கும் என்று சொல்லாது. ஐந்து நட்சத்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் கூடுதல் பணம் கொடுத்தவர், தகடு உதிர்ந்த பிறகு அந்தச் சிக்கனத்தை இழந்துவிடுகிறார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்துக்கு, உப்பைத் தாங்குமா என்று சொல்லும் ஒரு வரி அந்தச் சீட்டில் வேண்டாமா?

தண்ணீரே மருந்து

ஒரு விநோதம் உண்டு. மழையில் நனையும் பெட்டியைவிட, சன்ஷேடுக்கு அடியில் நனையாமல் இருக்கும் பெட்டி சில சமயம் சீக்கிரம் அரிக்கும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. நிழலில் இருக்கும் பெட்டியில் உப்பு படிந்தபடியே கிடக்கிறது.

ஆகவே மழை செய்யும் வேலையை வீட்டார் செய்ய வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரைக் குழாயில் மெதுவாக விட்டுத் தகடுகளைக் கழுவலாம். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அது உதவாது. வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கும். நுரை பொங்கும் காரத் திரவங்களும் ஆசிட்டும் அலுமினியத்துக்கு விஷம். கடல் தெரியும் வீடானால் மாதம் ஒரு முறையும், உள்ளே தள்ளி இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கழுவினால் போதும். ஜனவரி முதல் மே வரை மழை இல்லாத மாதங்களில் தவறவே கூடாது.

இது தரையிலோ மொட்டை மாடியிலோ இருக்கும் பெட்டிக்கு. மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கினால் வீட்டார் கை வைக்கக் கூடாது. மெக்கானிக் வந்தாலும் இடுப்புப் பட்டையும் கயிறும் இல்லாமல் சன்ஷேடில் இறங்க விடக் கூடாது. அந்தத் தளம் ஆள் நிற்பதற்குக் கட்டியது அல்ல. பெட்டியைப் பொருத்தும்போதே கடலைப் பார்த்த சுவரை விட்டு, கை எட்டும் இடத்தில் வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

மாற்றுவது எப்போது?

ஓட்டை இணைப்பில் இருந்தால் பற்றவைத்து ஓட்டலாம். செம்புக் குழாயைப் பற்றவைப்பது சுலபம். அலுமினியக் குழாயில் கடினம். தகடுகள் பாதிக்கு மேல் உதிர்ந்து, இரண்டு கோடைக்குள் இரண்டு முறை குழாய் ஓட்டையானால், அதற்கு மேல் பணம் போடுவது வீண். புதிதாக வாங்கும்போது கம்ப்ரஸருக்குப் பத்து வருஷ உத்தரவாதம் என்ற பெரிய எழுத்தோடு நின்றுவிடாமல், வெளிப்பெட்டிக் குழாய்க்கு எத்தனை வருஷம், உப்புக் காற்றால் கெட்டாலும் உண்டா என்ற சின்ன எழுத்தையும் படிக்க வேண்டும். நீலப் பூச்சுள்ள தகடு கொஞ்சம் தாங்கும். அதையும் கழுவித்தான் ஆக வேண்டும்.

பழைய யந்திரத்தைக் காயலான் கடைக்குப் போட்டால், செம்புக்காகக் குழாயை வெட்டுவார்கள். வாயு புஸ்ஸென்று காற்றோடு போகும். ஒரு கிலோ ஆர்-22, பூமியைச் சூடாக்குவதில் சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய யந்திரங்களை முறையாக அப்புறப்படுத்தும் பொறுப்பை 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் கம்பெனிகளின் தலையில் வைத்திருக்கின்றன. ஆகவே புது யந்திரம் வாங்கும் அன்றே, பழையதன் வாயுவைச் சிலிண்டரில் பிடித்து எடுத்துப் போகும்படி கடைக்காரரிடம் கேட்டு, ரசீதும் வாங்கிக்கொள்ளலாம்.