பற்றவைக்கும் கைத்திறன்

2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பினாங்கைப் பெருமழையும் பலத்த காற்றும் தாக்கின. தீவிலும் செபராங் பிறையிலும் வீட்டு வாசல்களில் நிறுத்தியிருந்த மகிழுந்துகள் பல நீரில் மூழ்கின. இவ்வாறு நனைந்த வண்டியின் உண்மையான நோய் வெள்ளம் வடிந்த பிறகுதான் தெரியவரும். மின்கம்பியின் உறைக்குள் புகுந்த ஈரம் செம்பைப் பச்சை நிறமாக அரிக்கும். சில மாதங்கள் கழித்து ஒரு பக்க விளக்கு மங்கும், கண்ணாடி இறங்காது, ஒலிப்பான் ஊமையாகும். வெள்ளம் வராத ஆண்டுகளிலும் துறைமுக நகரின் உப்புக்காற்று இதே வேலையை மெதுவாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இத்தகைய பழுதுகளில் பல, ஒரு சாண் நீளக் கம்பியை மாற்றினால் தீர்ந்துவிடும். ஆயினும், வண்டிக்காரர்கள் அதிகம் கையாளும் வழி ஒன்று உண்டு. அறுந்த இரு முனைகளையும் விரலால் முறுக்கி, கறுப்பு நாடாவைச் சுற்றிவிடுவது. விளக்கு எரிகிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த முறுக்குக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட் மின்கலத்தில் எரியும் 60 வாட் முகப்பு விளக்கு 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அரித்துப்போன இணைப்பில் 0.2 ஓம் மின்தடை மட்டுமே இருந்தாலும், ஏறத்தாழ 1 வோல்ட் அங்கேயே வீணாகும். ஏறத்தாழ 5 வாட் வெப்பம் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் தேங்கும். நாடா இளகும், உறை கருகும். 'பியூஸ்' எனப்படும் உருகி இதைத் தடுக்காது. ஏனெனில், மின்னோட்டம் கூடவில்லை. வெப்பம் மட்டுமே கூடியிருக்கிறது. உருகி போன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் செருகும் பழக்கமும் சேர்ந்துகொண்டால், வண்டி தீப்பிடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆகவே, இடைநிலைப்பள்ளியை முடித்து வெளியேறும் மாணவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு கம்பிகளை முறையாகப் பற்றவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே பற்றவைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது அறிவு முதலாவதைவிட முக்கியமானது.

பட்டறைகளில் 'சால்டரிங்' என்றும் 'ஈயம் வைப்பது' என்றும் சொல்லப்படும் இவ்வேலை தமிழருக்குப் புதியதன்று. உலோகத்தோடு உலோகத்தை ஒட்டவைக்கும் பொருளுக்கு ஆசு, பற்றாசு என்ற பெயர்கள் பழைய தமிழிலேயே உண்டு. யாப்பிலக்கணம் இச்சொல்லைக் கடன் வாங்கியிருப்பது சுவையான செய்தி. இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைக்கும்போது ஓசை நிரம்பாவிட்டால், இடையில் ஓரசையையோ ஈரசையையோ சேர்த்து ஒட்டுவர். அப்பாட்டுக்கு ஆசிடை நேரிசை வெண்பா என்று பெயர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய பாட்டிமார்களின் சமையலறையும் இதற்கு உறவுதான். கம்பி முனையில் உருகிய ஈயத்தை மெல்லிய பூச்சாக ஏற்றுவதையும் தமிழில் ஈயம் பூசுதல் என்றே சொல்லலாம்.

பினாங்குக்கு இதில் தனி உரிமையும் இருக்கிறது. வெள்ளீயம் அறுபது பங்கு, காரீயம் நாற்பது பங்கு என்பது பற்றாசின் நெடுநாளைய கலவை. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய வெள்ளீயத் தாது இருபதாம் நூற்றாண்டில் பட்டர்வொர்த்திலும் தீவின் டத்தோ கிராமாட்டிலும் உருக்கப்பட்டு, பினாங்குத் துறைமுகத்தின் வழியே உலகெங்கும் சென்றது. 1969இல் இத்துறைமுகம் தீர்வையற்ற தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகியது. அன்றைய முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் இயூவின் அரசு தொழிற்சாலைகளை நாடியது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர் போன்ற சில்லு நிறுவனங்களோடு கிளாரியன், போஷ் ஆகியவையும் தொடக்கக் காலத்திலேயே வந்து சேர்ந்தன. இவ்விரண்டும் மகிழுந்து வானொலியோடு தொடர்புடையவை.

அத்தொழிற்சாலைகளின் வரிசைகளில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கம்பத்திலிருந்தும் தோட்டப்புறத்திலிருந்தும் பேருந்தில் வந்தவர்கள். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து முடியினும் மெல்லிய கம்பிகளை இணைத்தவர்களும், மின்சுற்றுப் பலகைகளில் பற்றவைத்தவர்களும் அவர்களே. அவர்களின் பேத்திகள் இன்று பள்ளியில் படிக்கிறார்கள். அப்பேத்திகளில் ஒருத்தி மகிழுந்தின் முன்மூடியைத் திறந்தால், "அது ஆண்பிள்ளைகள் வேலை, நீ தள்ளி நில்லும்மா" என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பினாங்கின் பொருளாதாரத்தை எந்தக் கைகள் ஒட்டவைத்தன என்பதை அவ்வீட்டார் மறந்துவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டும்.

கற்பது கடினமன்று, ஆனால் பொறுமை கேட்கும். முதற்பாடத்தை வண்டியில் அல்லாமல் மேசைமீது, வீணான கம்பித் துண்டுகளில் தொடங்க வேண்டும். உறையை உரிக்கும்போது உள்ளிருக்கும் இழைகளில் ஒன்றுகூட அறக்கூடாது. செம்பு பளபளக்க வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. வெப்பத்தில் சுருங்கும் காப்புக் குழாயை இணைப்பதற்கு முன்பே கம்பியில் கோத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து, இணைத்து முடித்தபின் தலையில் கை வைக்காத பழகுநர் அரிது.

பிறகு வருவதுதான் இக்கலையின் உயிர். புதியவர்கள் ஈயத்தைச் சூட்டுக்கோலில் உருக்கிக் கம்பிமீது சொட்டவிடுவார்கள். அது பிடிக்காது. சூட்டுக்கோலால் கம்பியைச் சூடாக்க வேண்டும். சூடான கம்பி ஈயத்தை உருக்க வேண்டும். 60/40 கலவை 190 பாகை செல்சியஸை எட்டுவதற்குள் முழுவதும் உருகிவிடும். செம்பு உருகுவதற்கோ ஆயிரம் பாகைக்குமேல் வேண்டும். எனவே, செம்பு இங்கே உருகுவதில்லை. அதன் மேற்பரப்பில் வெள்ளீயம் படிந்து, மெல்லிய கலப்பு அடுக்கொன்று உருவாகிறது. அவ்வடுக்கு உருவாகாத இணைப்பு வெளியே குண்டாகவும் உள்ளே பொய்யாகவும் இருக்கும். பற்றாசுக் கம்பியின் நடுவிலுள்ள மரப்பிசின் செம்பைத் தூய்மையாக்கும். நீர்க்குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசையைக் கம்பிக்குப் பயன்படுத்தினால் அதுவே நாளடைவில் செம்பை அரித்துவிடும். பிசின் புகையை முகர்வது நல்லதன்று. சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். காரீயம் நஞ்சு என்பதால் வேலை முடிந்ததும் கைகழுவாமல் உணவைத் தொடக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. காரீயம் இல்லாத கலவை உருகக் கூடுதல் வெப்பம் தேவை. பள்ளியில் பழகுவதற்கு அதுவே ஏற்றது.

இவ்வளவும் கற்ற மாணவர் அடுத்து அறிய வேண்டியது, மகிழுந்துத் தொழிற்சாலையில் கம்பி முனைகள் பெரும்பாலும் பற்றவைக்கப்படுவதில்லை என்பதை. அங்கே உலோக முனையைக் கம்பியின்மீது கருவியால் இறுக நெருக்கிவிடுவார்கள். பட்டறையில் இதற்குக் 'கிரிம்ப்' என்று பெயர். காரணம் அதிர்வு. பற்றவைக்கும்போது உருகிய ஈயம் இழைகளுக்கிடையே உறைக்குள்ளும் ஏறும். ஏறிய தூரம்வரை கம்பி குச்சிபோல் விறைக்கும். விறைப்பு முடிந்து இழைகள் நெகிழத் தொடங்கும் புள்ளியில், ஓடும் வண்டியின் ஆட்டம் முழுவதும் வந்து சேரும். இயந்திரத்தின் அருகில் அப்படியொரு இணைப்பு ஓராண்டு நன்றாக இருந்துவிட்டு, நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் அறும். பயணியர் பகுதிக்குள் ஆடாத இடத்தில், கம்பியைத் தாங்கிப் பிடித்துக் கட்டிவைத்தால், நன்றாகப் பற்றவைத்த இணைப்பு நெடுங்காலம் உழைக்கும். இடத்துக்கு ஏற்ற முறையைத் தேர்பவரே கைவேலை தெரிந்தவர்.

காற்றுப்பையின் கம்பிகளைத் தொடவே கூடாது. அவற்றின் இணைப்பிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மின்சார வண்டிகளிலும் கலப்பின வண்டிகளிலும் ஓடும் செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தம் உண்டு. அவை உயிரைப் பறிக்கும். அங்கே பயிற்சி பெற்ற வல்லுநரை அழைப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

எல்லாரும் தாமே பழுதுபார்த்தால் பட்டறைக்காரரின் பிழைப்பு என்னாவது என்று சிலர் கேட்கலாம். முறுக்கி நாடா சுற்றப்பட்ட வண்டியில் பழுதைத் தேடி அரைநாளைத் தொலைப்பவரும் அவரே என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வேலை தெரிந்த வாடிக்கையாளர் நல்ல பட்டறைக்காரரின் கூலியைக் குறைத்துப் பேசமாட்டார். பள்ளியில் நேரம் இல்லை என்பது இதைவிட வலுவான மறுப்பு. 2017இல் புதிய கலைத்திட்டம் வந்தபோது வாழ்வியல் திறன் பாடத்தின் இடத்தை வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் பெற்றது. வரைபடமும் திட்ட அறிக்கையும் அப்பாடத்துக்குத் தேவைதான். என்றாலும், சூட்டுக்கோலைப் பிடித்த கையின் நடுக்கம் எந்த அறிக்கையிலும் அடங்காது. அதற்கு மேசையும் கம்பியும் சில மணி நேரமும் வேண்டும். தொழிற்சாலைகளும் மாநில அரசும் கைகோத்து 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை உருவாக்கிய மாநிலத்தில், பள்ளிகளுக்குச் சில சூட்டுக்கோல்களும் ஒரு மாலைநேரப் பயிற்சியாளரும் கிடைப்பது கடினமாக இருக்கக் கூடாது.

பயிற்சியின் தேர்வை எழுத்தில் வைக்க வேண்டியதில்லை. மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி வைத்துவிட்டு மாணவர் கம்பியை இணைக்கட்டும். காப்புக் குழாயைச் சுருக்கும் முன் இணைப்பை இரு கைகளாலும் இழுத்துப் பார்க்கட்டும். பிறகு காப்பிட்டு, மின்கலத்தைப் பூட்டி, விளக்கை எரியவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, புறங்கையால் இணைப்பைத் தொட்டுப் பார்க்கட்டும். சுட்டால் வெட்டியெறிந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.