உளூத் தண்ணீர் எங்கே போகிறது?

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்குத் தர்மமாக அமையும் என்ற கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. பல ஆண்டுகளாக மக்தபில் அதைக் கற்பித்து வருகிறேன். மாணவர்கள் அரபு மூலத்துடன் பிழையின்றி ஒப்புவிப்பார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவனிடம், "நீ நட்ட மரம் எது?" என்று கேட்டேன். அவன் சற்று விழித்துவிட்டு, "நீங்க நட்ட மரம் எது உஸ்தாத்?" என்று பணிவாகவே திருப்பிக் கேட்டான். என்னிடம் விடை இல்லை. அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

மறுநாள் மாணவர்களைப் பள்ளிவாசலின் உளூச் செய்யுமிடத்திற்கு அழைத்துச் சென்றேன். குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் உளூச் செய்து முடிப்பதற்குள் கீழே வைத்த வாளி நிரம்பிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' தண்ணீரில் உளூச் செய்தார்கள். இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு அது. ஒரு லிட்டருக்கும் குறைவு. நாம் ஒரு வாளியைச் செலவிட்டு, அதையும் சாக்கடைக்கு அனுப்புகிறோம். அங்கச் சுத்திக்குப் பயன்பட்ட நீர் மீண்டும் உளூச் செய்ய உதவாது. ஆயினும் அது அசுத்தமன்று என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் நடைமுறையிலுள்ள சட்டம். நமக்கு உதவாத அந்நீர் வாழைக்கு உதவுமே!

அந்த நீர் சென்று சேருமிடத்தில் ஒரு வட்டக்குழி வெட்டி, அதில் சருகையும் தழையையும் நிரப்பி, வாழையும் பப்பாளியும் வைத்தோம். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும்படி நிலத்தைத் திட்டமிடும் இம்முறையை நிரந்தர வேளாண்மை, அதாவது பெர்மாகல்ச்சர் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் 1978இல் நூலாக எழுதி இப்பெயரைப் பரப்பினர். நம் மண்ணில் இதே வழியைக் காட்டியவர் கோ. நம்மாழ்வார். கோவில்பட்டி அரசு ஆய்வுப் பண்ணையின் வேலையை 1969இல் உதறிவிட்டு உழவர்களிடம் சென்ற அவர், கரூர் மாவட்டத்தில் வானகம் என்ற பண்ணையை அமைத்து, 2013இல் மறையும்வரை இளைஞர்களுக்குக் கற்பித்தார். மூடாக்கும் வட்டப்பாத்தியும் பலருக்கு அங்கிருந்தே அறிமுகமாயின.

எங்கள் முயற்சிக்கு எதிர்ப்பும் வந்தது. குத்தகை நிலத்தில் பாடுபடும் ஒரு தந்தை என்னிடம் வந்து, "நாங்க மண்ணுல கிடந்து பட்டது போதும் அஜரத். புள்ளைய ஓதத்தான் அனுப்புறோம், மம்பட்டி புடிக்க இல்ல" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. கால்வாயின் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருந்து, உரத்திற்கும் மருந்துக்கும் கடன்பட்டவரின் சொல் அது. தோட்ட வேலையைத் தண்டனையாகக் கொடுக்கும் பள்ளிக்கூடங்களையும் அவர் பார்த்திருப்பார்.

மழைக்காலம் வந்தது. குழியில் நீர் தேங்கி, உள்ளே வைத்த கன்றுகள் அழுகின. அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்த அதே மனிதர் சிறிது நேரம் நின்று பார்த்தார். "கன்னக் குழிக்குள்ள வைக்கிறதா? மண்ணக் கரையா அணைச்சு, மேல வைங்க" என்று சொல்லிவிட்டு, மம்பட்டியைத் தாமே வாங்கினார். அவருடைய மகன் அன்று தன் அத்தாவைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க இயலாது. தந்தைக்கு இத்தனை தெரியும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

மதீனாவில் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பது பற்றி நபி (ஸல்) அவர்கள் ஒரு கருத்துச் சொல்ல, மக்கள் அதை நிறுத்திவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. அப்போது அவர்கள், உலகக் காரியங்களை அம்மக்களே நன்கறிந்தவர்கள் என்று கூறி விட்டுவிட்டதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். உழவனின் அனுபவ அறிவுக்கு இதைவிடப் பெரிய கண்ணியம் வேறென்ன வேண்டும்? வேளாண் சூழலியல் என்று இன்று வழங்கும் துறையும் அறிவியலை உழவரின் அனுபவத்தோடு இணைக்கவே முயல்கிறது. ஆகவே, இப்பாடத்தைப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமாக்கித் தேர்வு வைப்பதோடு நிறுத்தினால் பாதி அறிவு வெளியிலேயே நின்றுவிடும். அந்தத் தந்தையைப் போன்றவர்கள் பள்ளிக்கூடத்திற்குள் ஆசிரியர்களாக வரவேண்டும்.

பிள்ளைகள் எல்லோரும் உழவராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவராகட்டும், பொறியாளராகட்டும், ஆனால் தாம் உண்ணும் சோறு எந்த மண்ணிலிருந்து, யாருடைய கையிலிருந்து வருகிறது என்பதை அறியாமல் வளரக்கூடாது. பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று மிம்பரில் கேட்கிறோம். அமானிதத்தைப் பேணும் முறையைக் கையால் செய்துதான் கற்க முடியும்.

மஹல்லா நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் எளியது. பெரும் நிதி தேவையில்லை. உளூத் தண்ணீர் சாக்கடையில் சேருமிடத்தைத் தேடிச் சென்று பாருங்கள். அங்கே ஒரு குழி, சில கன்றுகள், வாரத்தில் ஒரு மணி நேரம், ஊரிலுள்ள ஒரு முதிய உழவர் ஆகியவை போதும். அருகிலுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் மதம் பாராமல் அழையுங்கள். நபிமொழியில் பறவைக்கும் கால்நடைக்கும் இடமிருக்கும்போது அண்டைவீட்டுப் பிள்ளைக்கு இல்லாமல் போகுமா?

கரையில் வைத்த வாழை இப்போது குலை தள்ளியிருக்கிறது. அணில்கள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டன. மாணவர்கள் விரட்டப் போனார்கள். அந்த ஹதீஸை மீண்டும் ஓதச் சொன்னேன். சிரித்தபடி நின்றுவிட்டார்கள்.

ஓதியதை வாழ்ந்து காட்டும் நல்வாய்ப்பை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.