சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு நம் ஊரிலேயே வேலை இருக்கிறது

போன வாரம் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பேத்தி வந்தாள். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். "தாத்தா, லீவுல இன்டர்ன்ஷிப் பண்ணணும். சென்னையில ரூம் வாடகைக்கே அப்பாவால முடியாது. இங்க யாராவது வக்கீலத் தெரியுமா?" என்று கேட்டாள்.

ஐந்தாண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரமாவது இப்படிப் பயிற்சி பெற வேண்டும் என்பது பார் கவுன்சிலின் 2008-ஆம் வருட விதி. வசதியுள்ள பிள்ளைகள் சென்னைக்கும் டெல்லிக்கும் போகிறார்கள். மற்றவர்கள் உள்ளூர் கோர்ட்டில் கட்டுத் தூக்கிவிட்டுச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அவளை ஒரு வக்கீல் நண்பரிடம் அனுப்பிவைத்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் செய்ய வேலை இல்லையா, அல்லது நாம் கொடுக்கவில்லையா என்ற யோசனைதான்.

நான் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். ஒருமுறை செங்கோட்டைப் பக்கம் ஒரு நிலக் கோப்பு என் மேசைக்கு வந்தது. பத்திரம் மலையாளத்தில், தேதி கொல்லம் ஆண்டில். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம்மோடு சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நம் மாநிலச் சட்டங்களில் 'மாற்றப்பட்ட பகுதி' என்றாலே கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைத் தாலுகாவும்தான். அதற்கென்று 1964-இல் தனி ரயத்துவாரி நிலவரித் திட்டச் சட்டமே வந்தது. இதையெல்லாம் அலுவலகத்தில் கோவையாக எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. மேலே எழுதிக் கேட்டோம், பதில் வரவில்லை. அந்த விவசாயி நடையாய் நடந்தார். கோப்பு முடியும் முன்பே அவர் காலமாகிவிட்டார். சட்டம் தெரிந்த ஒரு பிள்ளை மூன்று மாதம் உட்கார்ந்து விளக்கக் குறிப்பு எழுதியிருந்தால், அவருக்கு மட்டுமல்ல, அவர் போன்ற பலருக்கும் வழி பிறந்திருக்கும்.

குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் அந்த அருவி யார் பொறுப்பில் இருக்க வேண்டும், வனத்துறையா, பொதுப்பணித் துறையா, ஊராட்சியா என்று பேச்சு கிளம்பியது. வனத்துக்கு 1882-ஆம் வருடச் சட்டம். ஊராட்சிக்கு 1994-ஆம் வருடச் சட்டம். மெயின் அருவி இருக்கும் பேரூராட்சிக்கு 1998-ஆம் வருடச் சட்டம். தனியார் விடுதிகள் செயற்கை அருவி அமைத்த விவகாரம் 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. ஒவ்வொரு முறையும் ஏதாவது நடந்த பிறகுதான் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறோம். மழைக்கு முன்பே யார் எச்சரிக்க வேண்டும், யார் கயிறு கட்ட வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிவைத்தால் என்ன?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2022-இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் வந்தது. 30 இளைஞர்கள், இரண்டு ஆண்டு. சட்டப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். 2020-இல் இளம் வக்கீல்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தார்கள். டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு, இளைஞர்களை எம்.பி.க்களுக்கு ஆய்வு உதவியாளர்களாக அமர்த்துகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இவை பட்டம் வாங்கியவர்களுக்கு. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, தன் சொந்த மாவட்டத்தின் சட்டச் சிக்கலை ஆராய ஒரு புத்தாய்வுத் திட்டம் வேண்டும் என்பதே என் கட்சி.

பெரிய செலவு இல்லை. மாவட்டத்துக்கு நான்கு பேர் போதும். விடுமுறையில் மூன்று மாதம், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கட்டுப்படியாகும் தொகை. கலெக்டர் அலுவலகமும் உள்ளாட்சிகளும் கேள்வியைக் கொடுக்கட்டும். கல்லூரி ஆசிரியர் ஒருவர் மேற்பார்வை பார்க்கட்டும். இன்டர்ன்ஷிப் கணக்கிலும் சேரட்டும்.

"சின்னப் பிள்ளைகள் எழுதுவதை நம்பி அரசு நடத்த முடியுமா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முடிவெடுப்பது அவர்கள் வேலை அல்ல. எந்தச் சட்டம் எங்கே இருக்கிறது, எது எதோடு மோதுகிறது என்று தேடி எழுதுவதுதான் வேலை. சரிபார்க்க அரசு வக்கீல்கள் இருக்கிறார்கள். எனக்கு இருக்கும் பயம் வேறு. அரசுக்குப் பிடிக்காததை எழுதினால் அறிக்கை பீரோவுக்குள் போய்விடும். நான் பார்த்த பீரோக்கள் அப்படி. அதனால் எல்லா அறிக்கையும் தமிழில், பொதுமக்கள் வாசிக்கும்படி வெளிவர வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். இது இல்லையென்றால் திட்டமே வேண்டாம்.

தென்காசி தனி மாவட்டமாகி 2019 நவம்பரிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டடங்கள் வந்துகொண்டிருக்கின்றன, சந்தோஷம். உள்ளே உட்கார்ந்து பழைய கோப்பைப் பிரிக்க நம் பிள்ளைகளும் வரட்டும்.

பக்கத்து வீட்டுப் பேத்தியிடம் அந்தச் செங்கோட்டைக் கோப்பின் கதையைச் சொன்னேன். "அந்த நிலம் இப்ப யார் பேர்ல இருக்கு தாத்தா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.