பூட்டிய டேப்லெட்டை அரசு வாங்கக் கூடாது

ஹரியாணா அரசு 2022 மே மாதம் தொடங்கிய ‘இ-அதிகம்’ திட்டத்தில், 10 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் சுமார் 5 லட்சம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு டேப்லெட் தர முடிவெடுத்தது. பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; அடுத்து வரும் மாணவருக்கு அது போகும். ஒரே கருவி பலருக்குப் பயன்படும் நல்ல ஏற்பாடு இது. ஆனால், விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் பாதுகாப்பு அப்டேட் தருவது சில ஆண்டுகளுக்குத்தான். அதற்குப் பிறகும் திரை பழுதில்லாமல் இருக்கும், பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம்; மென்பொருள்தான் காலாவதியாகிவிடும். அந்தக் கட்டத்தில் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸை நிறுவி அதே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்த வழி இருக்க வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கும் எந்த டேப்லெட்டுக்கும் இதை டெண்டரிலேயே நிபந்தனையாக்க வேண்டும்.

இது முடியுமா என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே விடை இருக்கிறது. மாணவர்களுக்கான மத்திய அரசின் மலிவு விலைத் திட்டத்தில் 2012 நவம்பரில் வெளியான ஆகாஷ்-2 டேப்லெட்டில் 512 எம்பி நினைவகமும் ஆல்வின்னர் ஏ13 சிப்பும்தான் இருந்தன. அந்தச் சிப் மின்சாரம் கிடைத்ததும் முதலில் மெமரி கார்டைத்தான் பார்க்கும். அதில் இயங்குதளம் இருந்தால் அதையே ஏற்றும், இல்லாவிட்டால்தான் உள்சேமிப்புக்குப் போகும். மும்பை ஐஐடி குழு இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. லினக்ஸ் பதிந்த கார்டைச் செருகி இயக்கினால் லினக்ஸ் வரும், கார்டை எடுத்துவிட்டால் பழைய ஆண்ட்ராய்டு அப்படியே இருக்கும். பொறியியல் மாணவர்கள் சைலாப், பைத்தான், சி நிரல்களை அந்த 7 அங்குலத் திரையிலேயே எழுதி இயக்க முடிந்தது. ஆகாஷ் திட்டத்தின் மீது எத்தனையோ நியாயமான விமர்சனங்கள் உண்டு. என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் இன்றைய விலையுயர்ந்த டேப்லெட்டுகள் பலவற்றைவிட அது திறந்ததாக இருந்தது.

பழைய மடிக்கணினியில் யார் வேண்டுமானாலும் லினக்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். டேப்லெட்டில் மட்டும் என்ன சிக்கல்? மடிக்கணினி தன்னுள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று இயங்குதளத்துக்குத் தானே சொல்லிவிடும். ஏஆர்எம் சிப் கொண்ட டேப்லெட் பெரும்பாலும் அப்படிச் சொல்லாது. தொடுதிரை எந்த இணைப்பில் இருக்கிறது, மின்சாரத்தை எந்தச் சிப் பகிர்கிறது என்று ஒவ்வொரு மாடலுக்கும் தனியே எழுதித் தர வேண்டும். அதை அறிந்தவர் தயாரிப்பாளர் மட்டுமே. அவர் சொல்லாவிட்டால் எவ்வளவு காலம் வீணாகும் என்பதற்கு மாலி-400 வரைகலைச் சிப் போதுமான சான்று. ஆகாஷ்-2இன் உள்ளே இருந்ததும் இதுதான். அதற்கான கட்டற்ற டிரைவரைத் தன்னார்வலர்கள் சிப்பின் போக்கைக் கவனித்துக் கவனித்தே எழுதினார்கள். 2012இல் பொதுவெளிக்கு வந்த அந்த முயற்சி, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.2 பதிப்பில் இடம்பிடித்தது 2019இல்தான். அதற்குள் அந்தத் தலைமுறை டேப்லெட்டுகளின் காலமே முடிந்துபோயிருந்தது. தகவல் முதலிலேயே கையில் இருந்திருந்தால், இத்தனை பேருடைய இத்தனை ஆண்டு உழைப்பு வேறு வேலைக்குப் பயன்பட்டிருக்கும்.

ஆண்ட்ராய்டே திறந்த மூலம்தானே என்று அதிகாரிகள் கேட்கலாம். அதன் அடித்தளம் திறந்ததுதான். கடையில் வாங்கும் கருவியில் டிரைவர்கள் பலவும் மூடியவை, இயங்குதளத்தை ஏற்றும் தொடக்க மென்பொருளான பூட்லோடரும் பெரும்பாலும் பூட்டியே வருகிறது. லினக்ஸில் செயலிகள் ஓடாதே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். உண்மைதான், ஆண்ட்ராய்டு செயலிகள் பலவற்றுக்கு அங்கே நேரடி மாற்று கிடையாது. கேமரா வேலை செய்யாமல் போகவும் வாய்ப்புண்டு. 1 ஜிபி நினைவகத்தில் இன்றைய இணையதளங்களைத் திறப்பதும் சிரமம். ஆனால், நான் சொல்வது புது டேப்லெட்டில் முதல் நாளே ஆண்ட்ராய்டை அழிப்பதை அல்ல. அப்டேட் நின்றுபோன கருவிக்கு இரண்டாவது வாழ்வு தருவதைத்தான். பிரவுசரில் பள்ளிப் பாடங்களுக்கான திக்‌ஷா தளத்தைத் திறப்பது, கிவிக்ஸ் மூலம் இணையமே இல்லாமல் தமிழ் விக்கிப்பீடியாவைப் படிப்பது, பைத்தான் பழகுவது, லிப்ரேஆபீஸில் கட்டுரை எழுதுவது: இவற்றுக்கு 2, 3 ஜிபி டேப்லெட்டும் எடை குறைந்த ஒரு டெஸ்க்டாப்பும் போதும். ஒரு பள்ளி நூலகத்துக்கு இது சிறிய உதவியல்ல.

பூட்டைத் திறந்துவிட்டால் மாணவர்கள் கட்டுப்பாட்டு மென்பொருளை அழித்துவிடுவார்கள், திருடியவர் எளிதில் விற்றுவிடுவார் என்ற கவலையும் நியாயமானதே. கருவி மாணவரிடம் இருக்கும்வரை பூட்டு இருக்கட்டும். அதைத் திறக்கும் அதிகாரம், பணம் கொடுத்து வாங்கிய கல்வித் துறையிடம் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. பூட்லோடரைத் திறந்து வேறு இயங்குதளம் நிறுவி, உரிமையாளரின் சொந்தச் சாவியாலேயே மறுபடி பூட்டும் வசதி கூகுளின் பிக்சல் கருவிகளில் இருக்கிறது. ஆகவே, தொழில்நுட்பம் இதற்குத் தடையல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும் என்ற விதி டேப்லெட்டுகளுக்கும் பொருந்துகிறது. திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் மத்திய அரசின் கொள்கை 2015 முதலே இங்கும் இருக்கிறது. அதை டேப்லெட் கொள்முதலுக்கு நீட்டினால் போதும்: கெர்னல் மூலநிரலும் பாகங்களின் விவரக் கோப்பும் கருவியுடன் சேர்ந்து வர வேண்டும், பூட்லோடர் திறப்பு எழுத்துபூர்வ நிபந்தனையாக வேண்டும். விலை ஏறிவிடும் என்று விற்பவர்கள் சொல்லக்கூடும். ஆனால், ஆண்ட்ராய்டு ஓடுவதே லினக்ஸ் கெர்னலில்தான். அதன் ஜிபிஎல் உரிமத்தின்படி, கருவியை வாங்கியவர் கேட்டால் கெர்னல் மூலநிரலைத் தர வேண்டிய கடமை அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. லட்சக்கணக்கில் வாங்கும் அரசு அதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கலாம்.