எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை!

திருநெல்வேலிக்காரர் யாரிடமாவது, "உங்கள் ஊர் அல்வாவுக்கு மட்டும் எப்படி அண்ணாச்சி இந்த ருசி?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும்: "எல்லாம் நம்ம தாமிரபரணித் தண்ணில்லா!"

மணப்பாறைக்காரரிடம் முறுக்கைப் பற்றி விசாரியுங்கள். "எங்க ஊர்த் தண்ணியிலே லேசா உப்புக் கரிக்குமுங்க. சங்கதி அதிலேதான் இருக்கு" என்பார். ஆற்றுத் தண்ணீர் இனித்தாலும் பெருமை. கிணற்றுத் தண்ணீர் கரித்தாலும் பெருமை! கோவில்பட்டியோ மழைக்கு வானத்தைப் பார்க்கும் கரிசல் சீமை. அதனால் என்ன? அங்கே மண்ணைப் பிடித்துக் கொண்டார்கள். கடலை மிட்டாயின் ருசிக்குக் கரிசல் மண்ணில் விளைந்த கடலைதான் காரணமாம்!

இதில் ஒரு வியாபார சாமர்த்தியமும் இருக்கிறது, கவனித்தீர்களா? பக்குவம் இன்னதென்று சொன்னால் நீங்கள் வீட்டிலேயே கிளறிவிடுவீர்கள். ஆற்றை மூட்டை கட்டி எடுத்துப் போக முடியுமா? மறுபடியும் அந்தக் கடைக்குத்தானே வரவேண்டும்!

ஊர்ப் பெயருக்குச் சர்க்கார் முத்திரையும் கிடைத்தாயிற்று. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டிலும், மணப்பாறை முறுக்குக்கு 2023-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு வந்தது. சந்தோஷம்தான். ஆனால் பெயரை ஊர் வாங்கிக் கொண்டது. புகழைத் தண்ணீர் வாங்கிக் கொண்டது. கோதுமையை ஊற வைத்து, அரைத்து, பால் பிழிந்து, நெய் கக்கும் வரை அடுப்பை விட்டு நகராமல் கிளறுகிறதே ஒரு கை, அதற்கு என்ன கிடைத்தது? கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் உட்கார்ந்து நாள் முழுவதும் முறுக்குச் சுடுகிறவர்களை யார் விசாரித்தார்கள்?

வீட்டுச் சமையலில் நாம் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ரசம் நன்றாயிருந்தால், "அம்மா கைமணம்!" என்கிறோம். "குழாய்த் தண்ணீர் பிரமாதம்!" என்று யாராவது சொன்னால் அடுத்த வேளை சோறு கிடைக்குமா? அந்த நியாயத்தைக் கடைத்தெருவுக்கும் கொஞ்சம் கொண்டு போகலாமே!

நெல்லையிலிருந்து சென்னைக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும். அல்வா அடிப்பிடித்தால், "இந்த ஊர்த் தண்ணி அப்படி!" என்பார்கள். திரண்டு வந்தாலோ, "கை எந்த ஊர்க் கை!" என்பார்கள்.