கஷாயம் குடிச்சாச்சு... தறியில் உட்காரலாமா?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் போதும், காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருக்களில் வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார். 'டாக்டர், நிலவேம்பு ரெண்டு வேளை குடிச்சாச்சு. இன்னிக்குத் தறியில உட்காரலாமில்ல?' என்று கேட்பார்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்... கூடாது!

2012-ல் டெங்கு பரவியபோது அரசு ஆஸ்பத்திரிகளிலேயே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். 2020-ல் கொரோனா வந்ததும் கபசுரக் குடிநீர் தெருத் தெருவாகப் போனது. நம் மருத்துவத்துக்குப் பேர் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், கூடவே ஒரு அசட்டு தைரியமும் வந்துவிட்டது. ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை, காய்ச்சலின் உபாதை தணியத்தான் நாங்கள் கொடுக்கிறோம். ஃப்ளூ கிருமியை ஒரே நாளில் விரட்டும் மந்திரம் இல்லை அது. 5 கிராம் பொடியை 200 மில்லி தண்ணீரில் போட்டு, 50 மில்லியாக வற்றவைத்து, சூடு ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சி ஃப்ளாஸ்க்கில் ஊற்றி ராத்திரி வரை குடிக்கிறார்களே, அதில் என்ன பிரயோஜனம்? கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம்.

ஃப்ளூவுக்கு முதல் மருந்து ஓய்வு. புடவை முடிந்தால்தான் கூலி என்பது எனக்குத் தெரியாதா என்ன? ஆனால், கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து நாடா போட வேண்டும். பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் மகன். ஒருவர் தும்மினால் மற்றவருக்கு வர எவ்வளவு நேரமாகும்? கல்யாண சீசனாகவே இருக்கட்டும்... புடவை ஐந்து நாள் தாமதமானால் முதலாளிகள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். 'நம்ம கோயில் இட்லியில மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் இருக்கே, சாப்பிடலாமே?' என்பார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமாயிற்றே, ருசிக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் உளுந்தும் நெய்யும் காய்ச்சல்காரருக்கு மந்தம். உடம்பு தேறியபின் ஆசை தீரச் சாப்பிடுங்கள். அதுவரை நொய்யும் பாசிப்பருப்பும் குழைய வெந்த கஞ்சி, மிளகு ரசம், அடிக்கடி வெந்நீர். பட்டினி போடாதீர்கள். இருமலுக்குத் தேன் நல்லதுதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கூடாது. ஆவி பிடிப்பது பெரியவர்களோடு நிற்கட்டும். கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். வைரஸிடம் அது பலிக்காது. 'சித்த வைத்தியர் ஊசி போடச் சொல்லலாமா?' என்று சிலர் என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள். அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, நினைவு தடுமாறினாலோ, மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ அடுப்பில் இருக்கும் கஷாயத்தை இறக்கி வைத்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.